லொரெட்டா லின்னை ஏன் இன்னும் கேட்கிறோம்? – விவாத இழை

மேற்குமலை:

பாடகி பாட்ஸி கிளைன் பற்றிய இழையில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோது, "லொரெட்டா லின் பெயர் நிலைத்ததற்கு அந்த சினிமாதான் காரணம், பாட்டு இல்லை" என்று ஒருவர் எழுதியிருந்தார். அங்கேயே பதில் சொன்னால் பாட்ஸியை விட்டு விலகிவிடுவோம் என்பதால் இந்தத் தனி இழை.

அமெரிக்கக் கிராமப்புறத்தில் வேர்விட்ட கன்ட்ரி இசையை அதிகம் கேட்காதவர்களுக்காக, அதன் பெரிய பாடகிகளில் ஒருவரான லொரெட்டாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கென்டக்கியின் கிழக்கு மலைப்பகுதியில் புட்சர் ஹாலோ என்ற இடுக்கான பள்ளத்தாக்கில் 1932 ஏப்ரல் 14 அன்று பிறந்தவர். எட்டுப் பிள்ளைகளில் இரண்டாமவர். அப்பா, வான் லியர் என்ற ஊரின் நிலக்கரிச் சுரங்கத்தில் தொழிலாளி. 15 வயதில் ஆலிவர் லின்னோடு கல்யாணம். உடனே நாட்டின் மறுகோடிக்கு, வாஷிங்டன் மாநிலத்தின் கஸ்டர் என்ற சின்ன ஊருக்குக் குடிபோனார்கள். இருபதுகளின் தொடக்கத்திலேயே நான்கு பிள்ளைகள். 1953-இல் கணவர் 17 டாலருக்கு ஒரு ஹார்மனி கிதார் வாங்கிக் கொடுத்தார். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை, தானே தட்டித் தடவிக் கற்றுக்கொண்டார். 1960-இல் முதல் இசைத்தட்டு. 2022 அக்டோபர் 4 அன்று, 90 வயதில், டென்னசியில் காலமானார்.

நான் சொல்ல வந்தது இதுதான். அவர் பாட்டுகளை வரிசையாகக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலானவற்றில் எதிரே ஒரு ஆள் நிற்கிறார். குடித்துவிட்டு நடுராத்திரியில் படுக்கைக்கு வரும் புருஷன் நிற்கிறார். புருஷன் மேல் கண் வைத்த இன்னொருத்தி நிற்கிறாள். விவாகரத்து ஆனதாலேயே ஊர் வாயில் விழுந்த பெண் நிற்கிறாள். லொரெட்டா அவர்களைப் பற்றிப் பாடுவதில்லை, அவர்களிடமே பேசுகிறார். காதலை நினைத்து ஜன்னலோரம் உருகும் பாட்டு அன்றைக்கு ஆயிரம் இருந்தது. நேருக்கு நேர் நின்று "நீ இதைச் செய்தால் நான் இதைச் செய்வேன்" என்று ஒரு குடும்பப் பெண் பாடியது அபூர்வம். அவர் இன்றும் பழசாகாமல் இருப்பதற்கு எனக்குத் தெரிந்த காரணம் இது. மறுப்பவர்கள் வரலாம்.

பழைய ரெக்கார்டு:

அதை எழுதியவன் நான்தான். இப்போதும் அதையே சொல்கிறேன்.

1976-இல் 'கோல் மைனர்ஸ் டாட்டர்' என்ற தன்வரலாறு வந்தது. 1980-இல் அதை அதே பெயரில் படமாக எடுத்தார்கள், மைக்கேல் ஆப்டெட் இயக்கம். சிஸ்ஸி ஸ்பேஸெக் லொரெட்டாவாக நடித்து ஆஸ்கர் வாங்கினார். படத்தில் வரும் பாட்டுகளையும் சிஸ்ஸியே பாடினார். கன்ட்ரி வானொலிப் பக்கமே போகாத லட்சக்கணக்கான பேருக்கு லொரெட்டா என்றால் அந்தப் படம்தான். 1978-க்குப் பிறகு தனிப் பாட்டில் அவருக்கு நம்பர் ஒன் கிடையாது. அவர் வயதொத்த பல பாடகிகள் அதே காலத்தில் மறந்துபோனார்கள். இவர் மட்டும் மறக்கப்படவில்லை. நடுவில் வந்தது என்ன? படம். 2019-இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் அதைச் சேர்த்துவிட்டார்கள்.

பாட்டு நன்றாக இல்லை என்று நான் சொல்லவில்லை. நன்றாக இருப்பது வேறு, ஐம்பது வருடம் நிற்பது வேறு.

மேற்குமலை:

ஐயா, வருடங்களைக் கொஞ்சம் முன்னே தள்ளிப் பார்ப்போம். கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன் 1967-இல் முதன்முதலாகச் சிறந்த பாடகி விருது கொடுத்தபோது அதை வாங்கியவர் லொரெட்டா. அதே அமைப்பின் பெரிய விருதான 'என்டர்டெயினர் ஆஃப் தி இயர்' 1972-இல் கிடைத்தது, அதை வாங்கிய முதல் பெண்ணும் அவரே. படம் வருவதற்கு எட்டு வருடம் முன்னால் இது. சினிமாக்காரர்கள் அந்தக் கதையைத் தேடி வந்ததே அந்தப் பாட்டுகளால் அல்லவா?

சுதிப்பெட்டி:

ரெண்டு பேரும் கதையையும் வரிகளையும் பேசுகிறீர்கள், தொண்டையைப் பற்றி யாராவது பேச வேண்டாமா?

பாட்ஸிக்கும் லொரெட்டாவுக்கும் தயாரிப்பாளர் ஒருவரே, டெக்கா கம்பெனியின் ஓவன் பிராட்லி. பாட்ஸிக்கு அவர் வயலின் கூட்டம், பின்னணிக் குரல்கள் என்று பட்டு மெத்தை விரித்தார். லொரெட்டாவுக்கு அப்படிச் செய்யவில்லை. ஸ்டீல் கிதாரை முன்னால் கொண்டுவந்து, தாளத்தை அடித்து, குரலை நடுவில் தனியாக நிறுத்தினார். காரணம் கேட்டாலே புரியும். பாட்ஸி ஒரு சொல்லை இழுத்து, வளைத்து, மெல்ல இறக்கிவைப்பவர். லொரெட்டா சொல்லை நேராக வீசுபவர். அவர் சுரத்தில் கமகம் போல ஒரு சின்ன உடைவு வரும், ஆனால் அதில் அழுகை இருக்காது. புருஷனைச் சுற்றும் பெண்ணை மிரட்டும் 'ஃபிஸ்ட் சிட்டி'யைக் கேளுங்கள். கோபமாகப் பாடுகிறாரா, சிரித்துக்கொண்டே பாடுகிறாரா என்று பிரிக்க முடியாது. மிரட்டலை இவ்வளவு உற்சாகமாகப் பாடிய குரலை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

உச்சரிப்பும் முக்கியம். கிழக்குக் கென்டக்கி மலைப் பேச்சு அப்படியே ரெக்கார்டில் இருக்கிறது. கன்ட்ரி இசைத் தொழிலின் தலைநகரான நாஷ்வில்லின் நாசூக்குக்காக அதைத் தேய்த்து வழவழப்பாக்கவில்லை. இலக்கணப்படி தப்பான வினைச்சொல்லைக்கூட வீட்டில் பேசியபடியே பாடியிருக்கிறார்.

நாஷ்வில் வாசி:

சுதிப்பெட்டி அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பாட்ஸி லொரெட்டாவுக்கு ரெக்கார்டில் மட்டும் முன்னோடி இல்லை, நேரிலும் துணையாக இருந்தவர். 1961 ஜூனில் பாட்ஸி கார் விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். எர்னஸ்ட் டப் ரெக்கார்டு கடையிலிருந்து நள்ளிரவில் ஒலிபரப்பாகும் நிகழ்ச்சியில், ஊருக்குப் புதுசான லொரெட்டா, பாட்ஸியின் பாட்டு ஒன்றை அவருக்கென்றே சொல்லிப் பாடினார். அதைக் கட்டிலில் படுத்தபடி கேட்ட பாட்ஸி, அந்தப் பெண்ணை அழைத்துவா என்று கணவரை அனுப்பினார். அப்படித் தொடங்கிய நட்பு இரண்டு வருடம்கூட நீடிக்கவில்லை, 1963 மார்ச்சில் விமான விபத்தில் பாட்ஸி இறந்துவிட்டார். அடுத்த வருடம் லொரெட்டாவுக்கு இரட்டைப் பெண்கள் பிறந்தபோது ஒருத்திக்கு பாட்ஸி என்று பெயர் வைத்தார். பிற்காலத்தில் அம்மாவின் ஆல்பங்களைத் தயாரித்தவர் அந்த மகள்தான்.

முதல் ரெக்கார்டு ஓடிய கதையும் சொல்ல வேண்டியது. ஜீரோ ரெக்கார்ட்ஸ் என்ற சிறு கம்பெனி வெளியிட்டது. விளம்பரத்துக்குக் காசு இல்லை. புருஷனும் பெண்டாட்டியும் தட்டுகளைத் தபாலில் அனுப்பினார்கள், பிறகு காரில் ஏறி வானொலி நிலையம் நிலையமாகப் போய்க் கதவைத் தட்டினார்கள். தூக்கம் காரிலேயே, சாப்பாடு ரொட்டியும் மலிவான இறைச்சித் துண்டும். அந்தப் பாட்டு தேசியக் கன்ட்ரி பட்டியலில் 14-ஆம் இடம் வந்தது. அதே 1960 அக்டோபரில், நாஷ்வில்லின் புகழ்பெற்ற கன்ட்ரி வானொலி நிகழ்ச்சியான கிராண்ட் ஓலே ஆப்ரியின் மேடையில் நின்றார். இரண்டு வருடத்தில் அங்கே நிரந்தர உறுப்பினர்.

தேன்சிட்டு:

மேற்குமலை சொன்ன "எதிரே நிற்கும் ஆள்" எனக்குப் பிடித்திருக்கிறது. அதை வைத்தே 'தி பில்' பாட்டைப் பேசலாம் என்று தோன்றுகிறது.

அமெரிக்காவில் கருத்தடை மாத்திரைக்கு அரசு ஒப்புதல் கிடைத்தது 1960-இல். கல்யாணமான தம்பதிகள் கருத்தடை பயன்படுத்துவதை எந்த மாநிலமும் தடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1965-இல். கல்யாணமாகாதவர்களுக்கும் அந்த உரிமை உண்டு என்றது 1972-இல். அதே 1972-இல் லொரெட்டா இந்தப் பாட்டைப் பதிவுசெய்தார். கம்பெனி மூன்று வருடம் அலமாரியில் வைத்திருந்தது. 1975-இல் வெளியானதும் பல வானொலி நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்தன. அப்படியும் கன்ட்ரி பட்டியலில் ஐந்தாம் இடம் வரை ஏறியது.

பாட்டில் கொடி பிடிக்கும் வார்த்தை ஒன்றுகூட இல்லை. மனைவி புருஷனிடம் பேசுகிறாள். நீ ஊர் சுற்றினாய், நான் வருடா வருடம் கர்ப்பமாகக் கிடந்தேன், இனி அது நடக்காது, என் கையில் மாத்திரை இருக்கிறது. இவ்வளவுதான் விஷயம். உவமை முழுக்கக் கோழிப்பண்ணையிலிருந்து வருகிறது: அடைகாக்கும் கோழி, குஞ்சு பொரிக்கும் பெட்டி. கோழி வளர்த்த பெண்ணுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. கிராமத்து டாக்டர்கள் தன்னிடம் வந்து, நாங்கள் அச்சடித்துக் கொடுத்த துண்டுப் பிரசுரங்கள் செய்யாததை உங்கள் பாட்டு செய்தது என்று பாராட்டியதாக லொரெட்டாவே ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. பிரசுரம் "பெண்கள்" என்று பொதுவாகப் பேசும். பாட்டு சமையலறையில் நிற்கும் ஒருத்தியின் வாயிலிருந்து வருகிறது.

பழைய ரெக்கார்டு:

தேன்சிட்டு, எழுதியது நன்றாக இருக்கிறது. ஆனால் 'தி பில்' அவர் எழுதிய பாட்டு இல்லை. மூன்று பேர் சேர்ந்து எழுதியது. 1971-இல் வந்த, பிள்ளைகளோடு அல்லாடும் தாயின் பாட்டான 'ஒன்ஸ் ஆன் தி வே' ஷெல் சில்வர்ஸ்டைன் எழுதியது, ஆண். அப்படியென்றால் "லொரெட்டா எதிராளியிடம் பேசுகிறார்" என்ற வாதம் என்ன ஆகும்?

நாஷ்வில் வாசி:

நியாயமான கேள்வி. பதில் ஒப்பந்தத்தில் இருக்கிறது.

நாஷ்வில் வந்த புதிதில் அவரைக் கைதூக்கிவிட்டவர்கள் பாடகர்களான வில்பர்ன் சகோதரர்கள். டெக்கா வாய்ப்பும் அவர்கள் வழியாகத்தான் வந்தது, அவர்களுடைய டிவி நிகழ்ச்சியில் வாராவாரம் தோன்றினார். பதிலுக்கு அவர் எழுதும் பாட்டுகளின் பதிப்புரிமை அவர்கள் கம்பெனியிடம் போனது. 70-களின் தொடக்கத்தில் பிரிய நினைத்தபோது வழக்கு வந்தது, வருடக்கணக்கில் இழுத்தது. தான் எழுதினால் உரிமை வேறொருவருக்குப் போகும் என்ற நிலையில் எழுதுவதையே குறைத்துக்கொண்டார். அதனால்தான் 60-களின் பாட்டுகளில் அவர் பெயர் நிறைய இருக்கும், 70-களில் பிறர் பெயர் அதிகமாகும். இதை எழுத்து வற்றிப்போனது என்று எடுத்துக்கொள்வது அவருக்குச் செய்யும் அநியாயம். 2004-இல் வந்த ஆல்பத்தைப் பாருங்கள், அத்தனை பாட்டும் அவர் எழுதியது.

மேற்குமலை:

நாஷ்வில் வாசிக்கு நன்றி, இதைத்தான் நானும் சொல்ல நினைத்தேன். இன்னொன்று: 70-களில் மற்றவர்கள் அவருக்கு எழுதியபோது அவர் 60-களில் போட்ட அச்சில்தான் எழுதினார்கள். அந்த அச்சு எப்படி வந்தது என்பதற்கு 'யூ ஏன்ட் வுமன் இனஃப்' ஒரு சாட்சி. கச்சேரிக்கு முன்னால் ஒரு பெண் அழுதுகொண்டு வந்து, என் புருஷன் வேறொருத்தியைக் கூட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறான் என்றாளாம். அந்த இன்னொருத்தியைப் பார்த்துவிட்டு, உன் புருஷனைக் கொண்டுபோக இவளுக்கு யோக்கியதை போதாது என்று லொரெட்டா சொன்னார், உள்ளே போய்ப் பாட்டாகவே எழுதிவிட்டார். 1966-இல் இரண்டாம் இடம். அதே வருடம் 'டியர் அங்கிள் சாம்', வியட்நாமுக்குப் போன கணவனைத் திருப்பிக் கேட்டு ஒருத்தி நாட்டுக்கே எழுதும் கடிதம். கடைசியில் தந்தி வருகிறது. அரசாங்கத்தையும் எதிரே நிறுத்திப் பேசுகிறார் பாருங்கள்.

சக்களத்திப் பாட்டு என்றதும் டாலி பார்ட்டனின் 'ஜோலீன்' எல்லாருக்கும் நினைவு வரும். அதில் மனைவி கெஞ்சுகிறாள். அந்தப் பாட்டின் அழகு அந்தக் கெஞ்சலில் இருக்கிறது. லொரெட்டாவின் மனைவிக்குக் கெஞ்சத் தெரியாது.

சுதிப்பெட்டி:

அவருக்கு முன்னால் கிட்டி வெல்ஸ் என்ற பாடகி இருந்தார், மறக்கக் கூடாது. 1952-இல் ஆண்களைத் திருப்பிக் கேட்ட பாட்டு அவருடையது, நம்பர் ஒன் வரை போனது. ஆனால் அதை எழுதியவர் ஒரு ஆண், கிட்டி அதைத் துக்கத்தோடு பாடினார். லொரெட்டா தங்கை பெக்கி சூவோடு சேர்ந்து எழுதிய 'டோன்ட் கம் ஹோம் எ-டிரிங்கின்' 1967-இல் அவருடைய முதல் நம்பர் ஒன் ஆனபோது, எழுத்தும் பெண்ணுடையது, தொனியும் மாறிவிட்டது. இந்தப் பதினைந்து வருட இடைவெளியில்தான் மாற்றம் நடந்திருக்கிறது.

பழைய ரெக்கார்டு:

சரி. அப்படியானால் அவருடைய மிகப் புகழ்பெற்ற பாட்டையே எடுங்கள், 'கோல் மைனர்ஸ் டாட்டர்'. 1970. அதில் எதிராளி யார்? யாரும் இல்லை. பிறந்த வீட்டைப் பற்றிய நினைவு, அவ்வளவுதான். மேற்குமலையின் சூத்திரத்தில் அது அடங்காது. ஆனால் ஜனம் அவரை அறிந்தது அந்தப் பாட்டால்.

தேன்சிட்டு:

அடங்காமல் போகட்டும் ஐயா, ஒரு பாடகிக்கு ஒரே வழி இருக்க வேண்டும் என்று என்ன இருக்கிறது?

அந்தப் பாட்டு என்னைப் பிடித்து நிறுத்துவது அதிலுள்ள பொருட்களால். ராத்திரி சுரங்க வேலை, பகலில் அப்பா சோளக்கொல்லையில் களை கொத்துகிறார். சலவைப் பலகையில் தேய்த்துத் தேய்த்து அம்மாவின் விரல்களில் ரத்தம். மண்ணெண்ணெய் விளக்கில் பைபிள். குளிர்காலத்துக்கு மட்டும் தபால் வழியாக வரவழைத்த புதுச் செருப்பு, அதற்குப் பணம் பன்றி விற்ற காசு. கோடையில் வெறுங்கால். ஏழ்மை என்று ஒரு பொதுச் சொல்லைப் போட்டு ஒப்பேற்றவில்லை, ஒவ்வொன்றுக்கும் எங்கிருந்து காசு வந்தது என்று கணக்கு சொல்கிறார். தன்னிரக்கம் துளிகூட இல்லை, பெருமையாகப் பாடுகிறார். முதலில் இன்னும் பல சரணங்கள் எழுதியிருந்தாராம், நீளமாக இருக்கிறது என்று பிராட்லி வெட்டச் சொன்னார். வெட்டியவை கிடைக்கவே இல்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

சுதிப்பெட்டி:

இசையில் கவனியுங்கள்: பான்ஜோ முன்னால் வருகிறது, அது மலைநாட்டு வாத்தியம். போகப்போகச் சுதி ஒரு படி ஏறும், மறுபடி ஏறும். கதை முன்னே நகரும்போது குரலும் மேலே போகிறது. பிராட்லியின் கைவண்ணம். 2009-க்கான தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் இந்தப் பாட்டைச் சேர்த்ததில் நியாயம் இருக்கிறது.

காப்பிக்கொட்டை:

இழையைப் படித்துக்கொண்டே வந்தேன். ஒரு சங்கடமான விஷயத்தையும் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். பெண்ணுரிமையின் குரல் என்று இவரைக் கொண்டாடுகிறவர்கள் நிறைய. ஆனால் அவர் 1988-இல் மூத்த புஷ்ஷுக்காகப் பிரச்சாரம் செய்தவர், 2016-இல் டிரம்ப்பை ஆதரித்தவர். குடித்த, அடித்த, துரோகம் செய்த கணவரோடு 1996-இல் அவர் சாகும்வரை வாழ்ந்தவர். இதை எப்படி எடுத்துக்கொள்வது?

தேன்சிட்டு:

நான் இப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன். அவர் எந்த இயக்கத்தின் பிரதிநிதியாகவும் தன்னை நிறுத்தவில்லை. தனக்கு நடந்ததைப் பாடினார். விட்டுப் போக வழியில்லாத, அல்லது போக மனமில்லாத பெண்கள் அன்றைக்கு எத்தனை பேர்? அவர்களுக்கு "விட்டு வா" என்று சொல்லும் பாட்டு உதவாது. இருந்துகொண்டே எதிர்த்துப் பேசலாம் என்று காட்டியது இவருடைய பாட்டு. அவர் கணவரை நான் மன்னிக்கவில்லை. ஆனால் கிதார் வாங்கிக் கொடுத்து, மேடை ஏறச் சொல்லி, ஊர் ஊராகக் கார் ஓட்டியவரும் அதே மனிதர். தன்வரலாற்றில் இரண்டையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார், ஒன்றை வைத்து மற்றதை அடித்துவிடவில்லை.

அரசியலில் எனக்கு அவரோடு உடன்பாடு இல்லை. 'ரேட்டட் எக்ஸ்' பாட்டில் விவாகரத்தான பெண்ணைப் பார்த்து ஊர் எப்படிப் பேசும் என்று அவர் சொன்னது அதனால் பொய்யாகிவிடாது.

நாஷ்வில் வாசி:

ஒரு தகவல்: பழைய புத்தகங்களிலும் படத்திலும் 13 வயதில் கல்யாணம் என்று இருக்கும். 2012-இல் அசோசியேட்டட் பிரஸ் பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்தது. அதன்படி 1948 ஜனவரியில் கல்யாணம் நடந்தபோது அவருக்கு 15. இணையத்தில் இன்றும் 13 என்றே பலர் எழுதுகிறார்கள்.

மேற்குமலை:

பழைய ரெக்கார்டு ஐயாவுக்கு இன்னொரு பதில் பாக்கி இருக்கிறது. படம்தான் காரணம் என்றால், படம் வந்து 24 வருடம் கழித்து நடந்ததற்கு என்ன விளக்கம்?

டெட்ராய்ட் ராக் இசைக்காரர் ஜாக் ஒயிட் 2001-இல் தன் இசைக்குழுவின் ஆல்பத்தை லொரெட்டாவுக்குச் சமர்ப்பித்தார். அதிலிருந்து பழக்கம் வந்து, 2004-இல் 'வான் லியர் ரோஸ்' பிறந்தது. அப்போது அவருக்கு 72 வயது. கிதார் கரகரக்கிறது, டிரம்ஸ் அதிர்கிறது, நடுவில் அதே கென்டக்கிக் குரல் கொஞ்சமும் பின்வாங்காமல் நிற்கிறது. இரண்டு கிராமி. 'ஃபேமிலி ட்ரீ' கேளுங்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்த இன்னொருத்தியின் வீட்டு வாசலுக்கே போய் நிற்கிறாள் மனைவி. 1966-இல் பேசிய அதே பெண், வயது மட்டும் கூடியிருக்கிறது. அதே ஆல்பத்தில் 'மிஸ் பீயிங் மிஸஸ்' என்ற பாட்டில் கணவர் போன பிறகான தனிமையைப் பாடுகிறார், கிதார் மட்டும் துணைக்கு. இத்தனை வருடம் எதிரே நிறுத்திச் சண்டை போட்ட ஆள் இப்போது இல்லை. எனக்கு அவர் பாட்டுகளிலேயே தாங்க முடியாதது அதுதான்.

2017-இல் பக்கவாதம் வந்தது, மறு வருடம் இடுப்பெலும்பு முறிந்தது. அதற்குப் பிறகும் 2021-இல், 88 வயதில், ஒரு ஆல்பம் வெளியிட்டார். தலைப்புப் பாட்டில் கன்ட்ரி பாடகிகள் ரீபா மெக்கன்டயரும் கேரி அண்டர்வுட்டும் கூடப் பாடினார்கள்.

பழைய ரெக்கார்டு:

2004 ஆல்பம் பற்றிய வாதத்தை ஏற்கிறேன், அதை வாங்கிய இளைஞர்கள் படம் பார்த்து வந்தவர்கள் இல்லை. ஆனாலும் படத்தின் பங்கை நான் விடமாட்டேன். டென்னசியின் ஹரிக்கேன் மில்ஸில் அவர் 60-களில் வாங்கிய பண்ணைக்கு இன்றும் கூட்டம் போகிறதே, அங்கே புட்சர் ஹாலோ குடிசையின் மாதிரி கட்டி வைத்திருக்கிறார்களே, அதைப் பார்க்க வருபவர்களில் பாதிப் பேராவது படம் பார்த்தவர்களாகத்தான் இருப்பார்கள்.

காப்பிக்கொட்டை:

எனக்குக் கன்ட்ரி புதுசு. எங்கே தொடங்கட்டும்?

சுதிப்பெட்டி:

தொகுப்பு ஆல்பம் வேண்டாம், வருடம் கலந்து போட்டுவிடுவார்கள். 'ஃபிஸ்ட் சிட்டி'யில் தொடங்குங்கள், இரண்டேகால் நிமிடம்கூட இராது. பிறகு 'கோல் மைனர்ஸ் டாட்டர்'. கன்ட்ரி பாடகர் கான்வே ட்விட்டியோடு பாடிய ஜோடிப் பாட்டுகளை விடாதீர்கள். 1971-இல் வந்த 'ஆஃப்டர் தி ஃபயர் இஸ் கான்' கிராமி வாங்கியது. சண்டைக்காரியாகவே கேட்டுப் பழகிய காதுக்கு அதில் அவர் குரல் இறங்கி வருவது வேறு அனுபவம். அதன்பின் நேராக 2004-க்குத் தாவலாம்.

தேன்சிட்டு:

'டியர் அங்கிள் சாம்' கட்டாயம். கேட்டுவிட்டு இங்கேயே வந்து எழுதுங்கள், கடைசியில் அந்தத் தந்தி வரும் இடத்தைப் பற்றி எனக்கு உங்களோடு பேச வேண்டும்.